தில்லி வீட்டுத் தோட்டத்தில் வசந்தகாலக் குமிழ்ப் பூக்கள்: குளிரை அல்ல, கோடையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

மயூர் விஹாரில் தரைத்தள வீட்டில் வசிக்கும் ஓர் அம்மையார் கேட்டிருக்கிறார்: "போன வருடம் ஜனவரியில் நர்சரியில் தொட்டியோடு வாங்கிய துலிப் செடிகள் பிப்ரவரியில் நன்றாகப் பூத்தன. இலை காய்ந்ததும் கிழங்குகளை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து ஐப்பசியில் மறுபடி நட்டேன். தை முடிந்து மாசியும் வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் அகலமான ஒற்றை இலைதான் வந்திருக்கிறது, பூவைக் காணோம். தவறு என்னுடையதா? வீட்டின் முன்னால் உள்ள பத்தடிக்கு ஆறடி மண்ணிலும் மாடியில் உள்ள தொட்டிகளிலும் வருடந்தோறும் பூக்கும்படி வேறு என்ன வைக்கலாம்?"

தவறு உங்களுடையது அன்று. நீங்கள் கவனித்துச் சொல்லியிருக்கும் அந்த ஒற்றை இலையிலேயே உங்கள் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது.

துலிப்பின் வாழ்க்கை முறை வாழையைப் போன்றது. குலை தள்ளிய வாழை மடிந்து அதன் பக்கக் கன்று தலையெடுப்பது போல, பூத்து முடித்த துலிப்பின் தாய்க் குமிழம் தன்னிடமுள்ள சத்து முழுவதையும் செலவழித்துச் சுருங்கி மறைந்துவிடுகிறது. அதன் செதில்களின் இடுக்கில் பிறக்கும் சேய்க் குமிழங்களே அடுத்த ஆண்டுக்கு உரியவை. நீங்கள் வாங்கிய குமிழமும் மறு ஆண்டு நட்ட குமிழமும் ஒன்றல்ல. இந்தச் சேய்கள் பூக்கும் அளவுக்குப் பருக்க வேண்டுமானால், பூ உதிர்ந்த பிறகும் இலைகள் பசுமையாக நின்று, இரண்டு மாதங்களாவது குளிர்ந்த காற்றில் சத்துச் சேர்க்க வேண்டும். நெதர்லாந்தில் ஏப்ரலில் பூக்கும் வயல்களில் ஜூன் வரை இலை நிற்கிறது. தில்லியிலோ பிப்ரவரி நடுவில் பூத்தால், மார்ச் கடைசியில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிவிடுகிறது, இலை கருகிவிடுகிறது. விற்பனைக்கு வரும் நல்ல துலிப் குமிழத்தின் சுற்றளவு 11, 12 செ.மீ. இருக்கும். அது ஏழெட்டு செ.மீ.க்குக் குறைந்தால் பெரும்பாலான வகைகள் பூவை உருவாக்குவதே இல்லை. ஒரே ஓர் அகன்ற இலையை மட்டும் விட்டு அந்த ஆண்டை ஓட்டிவிடும். ஆகவே ஒற்றை இலை என்றால் குமிழம் சிறியது என்று பொருள்.

வேறு அடையாளங்களும் உண்டு. பூ வந்தும் தண்டு நீளாமல் இலைகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து மலர்ந்தால், குளிர் போதவில்லை. இரண்டு மூன்று இலைகள் வந்து, நடுவில் மொட்டு காகிதம் போல உலர்ந்து கிடந்தால், சேமித்த இடத்திலோ வழிப்பயணத்திலோ குமிழம் அதிக வெப்பத்தையோ, பழுக்கும் பழங்கள் விடும் எத்திலீன் வாயுவையோ சந்தித்திருக்கிறது. அடுத்த முறை நட்டுப் பூக்காமல் போனால், தொட்டியைக் கவிழ்ப்பதற்கு முன் இந்த மூன்றில் எது என்று பாருங்கள்.

இங்கே சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளித் தாவரவியலில் வெங்காயம் போல ஏடு ஏடாக இருப்பதைக் குமிழம் என்றும், சேப்பங்கிழங்கு போலத் திண்டாக இருப்பதைக் கந்தம் என்றும், உருளைக்கிழங்கு போன்றதைக் கிழங்கு என்றும் பிரித்துப் படித்திருப்போம். துலிப், நார்சிசஸ், அமரில்லிஸ் ஆகியவை குமிழங்கள். ஃப்ரீசியா, கிளாடியோலஸ் கந்தங்கள். தில்லி நர்சரியில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், பல்பு. தமிழில் 'பல்பு வாங்குவது' என்றால் என்னவென்று அந்தக் கடைக்காரருக்குத் தெரியாது. ஆனால் ஜனவரியில் துலிப் வாங்கி அது ஆண்டுதோறும் பூக்கும் என்று நம்பும் நம்மவர்கள் பெரும்பாலும் அந்தப் பொருளில்தான் வாங்குகிறோம்.

சாணக்கியபுரியின் சாந்தி பத் சாலையோரம் பிப்ரவரியில் துலிப் பூத்துக் குலுங்குகிறதே என்று கேட்பீர்கள். புது தில்லி நகராட்சி மன்றம் நெதர்லாந்திலிருந்து குளிரூட்டிய குமிழங்களை வரவழைத்து டிசம்பரில் நடுகிறது. 2023 முதல் அதை ஒரு திருவிழாவாகவும் நடத்துகிறது. பூ முடிந்ததும் அடுத்த ஆண்டுக்குப் பெரும்பாலும் புதிதாகத்தான் வாங்குகிறார்கள். ஓர் அரசு அமைப்பே அப்படிச் செய்யும்போது, நம் வீட்டுத் தொட்டியில் அது நிலைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. துலிப் வேண்டுமானால் சாமந்தி, பெட்டூனியா நாற்றுகளைப் போல ஒரு பருவச் செலவு என்று நினைத்து வாங்குங்கள். அப்படி வாங்கும்போது, குமிழம் முன்கூட்டியே குளிரூட்டப்பட்டதா என்று கேட்டு, மார்கழிப் பனி தொடங்கியபின் நடுங்கள்.

குளிரூட்டாத குமிழம் கையில் இருந்தால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியே உதவும். துலிப் பூவின் கரு கோடையிலேயே குமிழத்துக்குள் உருவாகிவிடுகிறது; ஆனால் அந்தத் தண்டு நீண்டு வெளியே வர 9 டிகிரிக்குக் குறைந்த குளிரில் 12 முதல் 16 வாரங்கள் கழிய வேண்டும். தில்லியின் ஜனவரியில் சராசரி இரவு வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரிக்கு இறங்கினாலும், அத்தகைய குளிர் இங்கே ஆறேழு வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை, பகலில் தொட்டி மண் சூடேறியும் விடுகிறது. எனவே செப்டம்பர் தொடக்கத்தில் காகிதப் பையிலிட்டுப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, டிசம்பர் நடுவில் எடுத்து நட வேண்டும். பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் எதுவும் இருக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் உள்ளேயே மொட்டைக் கொன்றுவிடும். பையின் மேல் பெரிதாகப் பெயர் எழுதி வையுங்கள். நான் ராமகிருஷ்ணபுரத்தில் குடியிருந்தபோது கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் தாயார், தில்லியில் கிடைக்காத சின்ன வெங்காயம் கிடைத்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில் பாதிப் பையைத் தோலுரித்துவிட்டார். சாம்பார் கொதிப்பதற்குள் நான் வீட்டுக்கு வந்தது நல்லதாயிற்று. துலிப்பாவது பரவாயில்லை, நார்சிசஸ், அமரில்லிஸ் குமிழங்களில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது, சிறிதளவு உண்டாலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சமையலறைப் பக்கம் அவற்றைக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தில்லியில் குளிர்காலம் உண்டு என்பதாலேயே குளிர்நாட்டுப் பூக்களைத் தேடுகிறோம். தேர்வு அங்கேயே தவறிவிடுகிறது என்பது என் கருத்து. குமிழம் என்பது ஒரு செடி தன் ஊரின் மோசமான பருவத்தை மண்ணுக்கடியில் உறங்கிக் கழிப்பதற்குச் செய்துகொண்ட ஏற்பாடு. நம் ஊரின் மோசமான பருவம் மே மாத அனல், அதைத் தொடர்ந்து ஜூலை, ஆகஸ்டின் ஈரம். ஆகவே குளிர்காலத்தில் மழை பெய்து, கோடை முழுவதும் காய்ந்து கிடக்கும் நாடுகளின் செடிகளைத் தேட வேண்டும். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளும், தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு முனையும் அப்படிப்பட்டவை. அங்கிருந்து வந்த குமிழங்களுக்கு நம் கோடை வெப்பம் தண்டனை அன்று. சிலவற்றுக்கு அது தேவையும்கூட. அவற்றுக்கு நம் ஊரில் ஒரே எதிரி பருவமழைதான், அந்த இரண்டு மாதங்களை நாம் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த வரிசையில் முதல் இடம் நர்கிஸுக்கு. வெள்ளை இதழும் சிறு மஞ்சள் கிண்ணமுமாக ஒரே தண்டில் கொத்தாகப் பூக்கும் நார்சிசஸ் டாசெட்டா வகை இது. குளிர்காலத்தில் தில்லிச் சாலைச் சந்திப்புகளில் கட்டுக்கட்டாக விற்பார்கள். ஒரு கட்டு வாங்கி வைத்தால் வீடே மணக்கும். ஐரோப்பியப் படங்களில் வரும் பெரிய எக்காளம் போன்ற டாஃபடில் வகைக்குத் துலிப்பைப் போலவே நீண்ட குளிர் வேண்டும், அதை இங்கே முயன்று ஏமாறாதீர்கள். நர்கிஸ் நேர் எதிர்: கோடையில் உறங்கும் குமிழத்துக்குள், 25 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில்தான் அதன் பூ உருவாகிறது. இங்கிலாந்துக்குத் தென்மேற்கே உள்ள சில்லித் தீவுகளில் இதே இனத்து மஞ்சள் நார்சிசஸ் பயிரிடுபவர்கள், கோடையில் வயலின் மேல் வைக்கோலைப் பரப்பிக் கொளுத்துவது வழக்கமாக இருந்தது. அப்படிச் செய்த வயல் முன்னதாகவும் மிகுதியாகவும் பூத்தது. வெப்பத்தோடு புகையில் உள்ள எத்திலீனும் அதற்குக் காரணம் என்று பின்னர் தெரியவந்தது. துலிப்பின் மொட்டைக் கொல்லும் அதே வாயு நர்கிஸைப் பூக்கத் தூண்டுகிறது. ஆகவே இரண்டையும் ஒரே பையில் வைக்கக் கூடாது. துலிப் குளிர்பெட்டிக்கு, நர்கிஸ் மாடியறைப் பரணுக்கு.

நர்கிஸைச் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிவதற்குள், குமிழத்தின் மேல் நான்கு விரற்கடை மண் இருக்குமாறு நடுங்கள். பூ வந்த பிறகு தண்டை மட்டும் வெட்டலாம், இலையைத் தொடக் கூடாது. இலை அசிங்கமாகச் சாய்ந்து கிடக்கிறதே என்று மாலி (தோட்டக்காரர்) அதை முடிச்சுப் போட்டுக் கட்டுவார், அல்லது அரிவாளால் அறுத்து எறிவார், இரண்டையும் தடுங்கள். அடுத்த ஆண்டுப் பூவுக்கான சத்தை அந்த இலைதான் ஏப்ரல் வரை சேர்க்கிறது. முன்புறத் தரை மேடாக இருந்து மழைநீர் தேங்காவிட்டால் குமிழங்களை எடுக்காமல் அங்கேயே விடலாம். என் ராமகிருஷ்ணபுரத் தோட்டத்தில் ஒரு வேப்பமரத்தடிப் புதர் அப்படியே ஆறு ஆண்டுகள் பூத்தது, மழைநீரை மரம் குடித்துவிட்டதே காரணம் என்று நினைக்கிறேன். மூன்று நான்கு ஆண்டுகளில் நெருக்கம் மிகுந்து இலை மட்டும் வரத் தொடங்கினால் பிரித்து நட வேண்டும்.

இரண்டாவது ஃப்ரீசியா. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைச் சேர்ந்தது. சிறிய கந்தம், புல் போன்ற இலை, ஒருபக்கமாக வளைந்த தண்டில் வரிசையாகப் பூக்கள். என்னிடம் ஒரே ஒரு குமிழ்ச்செடி வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன், அதிலும் வெள்ளையும் மஞ்சளும், ஏனென்றால் மணம் அவற்றில்தான் அதிகம். ஃப்ரீசியாக் கந்தத்தின் உறக்கத்தைக் கலைக்க ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் 30 டிகிரி அளவிலான சூடான அறையில் பத்துப் பதின்மூன்று வாரங்கள் வைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் செய்யும் செலவு நமக்கு வேண்டியதில்லை, தில்லிக் கோடை இலவசமாகவே செய்துதருகிறது. முளைத்த பிறகு பூ உருவாவதற்கு 12 முதல் 15 டிகிரி வரையிலான மண் குளிர்ச்சி சில வாரங்கள் தேவை. அதை நம் டிசம்பரும் ஜனவரியும் தருகின்றன. எனவே நவராத்திரியின்போதே அவசரப்பட்டு நடாமல், தீபாவளி கழிந்து காற்றில் குளிர் தெரியத் தொடங்கியதும் நடுங்கள். எட்டு அங்குலத் தொட்டியில் எட்டுக் கந்தங்கள், இரண்டு அங்குல ஆழம். தண்டு மெலிந்தது என்பதால் தொட்டியைச் சுற்றி நான்கு குச்சி நட்டு நூல் கட்ட வேண்டும். பிப்ரவரி இறுதியிலிருந்து மார்ச் நடுவரை பூக்கும்.

மூன்றாவது, நாம் அமரில்லிஸ் என்று வாங்கும் ஹிப்பியாஸ்ட்ரம். இது தென் அமெரிக்கச் செடி. மேலே சொன்ன கணக்கில் சேராவிட்டாலும் நம் கோடையையும் மழையையும் சேர்த்தே தாங்கும், அதனால் தொடக்கக்காரருக்கு இதைவிட நம்பகமானது இல்லை. சென்னையிலும் மதுரையிலும்கூட வளரும். இதை நடும்போது பெரும்பாலானோர் செய்யும் பிழை முழுக்கப் புதைப்பது. குமிழத்தின் கழுத்தும் தோளும் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், தொட்டியும் குமிழத்தைவிட இரண்டு விரல் அகலமாக இருந்தால் போதும். கார்த்திகை தீபத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுங்கள். இலை பழுத்து விழட்டும், தை முழுவதும் தொட்டி காய்ந்து கிடக்கட்டும். மாசியில் மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துப் புது எரு இட்டுத் தண்ணீர் விட்டால், பங்குனியில் இலைக்கு முன்னால் மொட்டு கிளம்பும். பூத்த பிறகு இலை வளரும் காலம்தான் இதற்குச் சாப்பாட்டுக் காலம்; ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை நீர்த்த எரு கொடுங்கள், மதிய வெயிலை மட்டும் மறையுங்கள். மழைக்காலத்தில் கருப்பு உடலில் வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் புள்ளிகள் கொண்ட புழுக்கள் ஒரே இரவில் இலையை மொட்டையடித்துவிடும். நம் செங்காந்தளைத் தின்பதால் அதன் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய அந்துப்பூச்சியின் புழு அது. காந்தள் கிடைக்காத தில்லியில் இதன்மேல் கை வைக்கிறது. காலையில் கையால் பொறுக்கி அப்புறப்படுத்துவதே போதும், மருந்து தேவையில்லை.

ரனன்குலஸ், அனிமோன் இரண்டும் நிறத்துக்காக வைக்க வேண்டியவை. ரனன்குலஸ் கிழங்கு விரலளவு வாழைச்சீப்பைக் காயவைத்தது போல இருக்கும். மூன்று நான்கு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சீப்பின் நுனிகள் கீழ்நோக்க அக்டோபர் இறுதியில் நடுங்கள். முளை தெரியும்வரை மண் ஈரமாக இருக்கலாமே தவிரச் சொதசொதவென்று இருக்கக் கூடாது, அழுகல் அங்கேதான் தொடங்குகிறது. மழைக்காலத்தைத் தாண்டிக் காப்பாற்றுவது சிரமம், விலையும் அதிகமில்லை, எனவே ஆண்டுதோறும் புதிதாக வாங்குவதே மேல். கிளாடியோலஸ் எளிது, பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமே சமவெளிக்கேற்ற பல வகைகளை உருவாக்கியிருக்கிறது, நவம்பரில் நட்டால் பிப்ரவரியில் பூக்கும். ஹயசிந்த் குளிர் கேட்கும் இனம். குளிரூட்டிய குமிழத்தை வாங்கிக் கண்ணாடிக் குடுவையில் நீருக்கு மேல் உட்காரவைத்து ஒரு முறை பார்த்து ரசிக்கலாம், அவ்வளவுதான். அதன் தோல் கையில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னது எல்லாம் வீண். யமுனைக் கரை வண்டல் நுண்மையானது. தண்ணீர் விட்டுக் காய்ந்ததும் தொட்டிக்குள் செங்கல்லாகிவிடும். கட்டடச் சாமான் கடையில் 'பதர்பூர்' என்று கேட்டால் கிடைக்கும் கரடுமுரடான செம்மணலை வாங்கி ஒரு முறை கழுவி, தோட்ட மண் ஒரு பங்கு, இலை மட்கு ஒரு பங்கு, இந்த மணல் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். தொட்டிக்கு ஒரு கைப்பிடி எலும்புத் தூளும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேருங்கள். பச்சைச் சாணமோ அரைகுறையாக மட்கிய தொழு உரமோ குமிழத்தைத் தொட்டால் அழுகல் நிச்சயம்.

ஏப்ரலில் இலை பாதி மஞ்சளானதும் தண்ணீரைக் குறைத்து, முழுதும் காய்ந்ததும் ஃப்ரீசியா, கிளாடியோலஸ் கந்தங்களைத் தோண்டி எடுங்கள். கழுவ வேண்டாம். நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் காற்றோட்டமான அறையில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். ஓராண்டு சோம்பலால் பன்னிரண்டு தொட்டி ஃப்ரீசியாவை அப்படியே மாடியில் விட்டுவைத்தேன். ஜூன் முடிய உயிரோடிருந்த கந்தங்கள் ஆகஸ்டில் விரலால் தொட்டதும் கூழாகக் கரைந்தன. தொட்டியிலிருந்து எடுக்க நேரமில்லாவிட்டால், தொட்டிகளையே பக்கவாட்டில் சாய்த்துப் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கிவிடுங்கள், மழைத்துளி விழாமல் இருந்தால் போதும்.

நட்ட முதல் இரண்டு வாரம் குரங்கும் அணிலும் தோண்டிப் பார்க்கும். தொட்டியின் மேல் கோழிவலைக் கம்பியை வெட்டிப் பரப்பிவிட்டால் அதன் கண்கள் வழியே செடி மேலே வந்துவிடும்.

உங்கள் பத்தடிக்கு ஆறடித் தரையை அரையடி உயர்த்தி, சுவரோரம் நர்கிஸ் முப்பது, முன்வரிசையில் ரனன்குலஸ் என்று வையுங்கள். மாடியில் ஃப்ரீசியா நான்கு தொட்டி, அமரில்லிஸ் இரண்டு அல்லது மூன்று. நர்கிஸ் மார்கழியில் தொடங்கும், ஃப்ரீசியா மாசியில், அமரில்லிஸ் பங்குனியில். இடையில் வெறுமை இருக்காது. இப்போது கையில் உள்ள ஒற்றை இலைத் துலிப்புகளை உரக்குழியில் போட மனமில்லையென்றால், சிம்லா பக்கம் யாரேனும் தெரிந்தவர் இருந்தால் இலை காய்ந்ததும் கொடுத்தனுப்புங்கள். அந்தக் குளிரில் இரண்டு மூன்று ஆண்டுகள் இலைவிட்டுப் பருத்த பிறகு அவை பூக்கக் கூடும்.